மூன்று டேப், ஒரு என்டர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் என் வாழ்நாளின் மகத்தான படையெடுப்பை இந்தக் குறிப்பேட்டில் பதிவு செய்கிறேன். கோமதிநாயகம் ஆகிய நான், வயது ஐம்பத்தெட்டு, பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைக் கணினிக்கூடத்தின் தனிப்பெரும் தொழில்நுட்ப உதவியாளர், இருபத்தொரு கணினிகளின் சக்கரவர்த்தி, இந்த மாதம் முடிவதற்குள் இருபத்தொன்றிலும் பழைய விண்டோஸைத் துடைத்தெறிந்துவிட்டு லினக்ஸ் ஆட்சியை நிறுவ வேண்டும்.

பதிவாளர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. துறைத்தலைவர் டாக்டர் ஜெபக்கனி மேடம் அதை என்னிடம் நீட்டினார். "நீங்களே வாசிங்க மேடம். உங்க குரல்ல கேட்டா சுற்றறிக்கைகூட இனிக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே வாசித்தார். உரிமம் இல்லாத மென்பொருள் எந்தக் கணினியிலும் இருக்கக் கூடாது. ஜூன் முப்பதாம் தேதி குழு வந்து பார்க்கும். முடிக்காத கூடம் பூட்டப்படும். அங்கே இருக்கும் பணியாளர் தேர்வுப் பிரிவுக்கு அனுப்பப்படுவார்.

தேர்வுப் பிரிவில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை விடைத்தாள்களின் பதிவெண்ணைச் சரிபார்க்க வேண்டும். எறும்பு முட்டை அளவில் பன்னிரண்டு இலக்கம், ஒரு நாளைக்கு ஆயிரம் தாள். எனக்கு ஓய்வுபெற இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது. அங்கே போக எனக்கு விருப்பம் இல்லை. அங்கே டீ நன்றாக இருக்காது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 4, புதன்

போருக்கு முன் படைக்கலங்களைச் சுத்தம் செய்யும் மரபுப்படி எல்லாத் திரைகளையும் துடைத்தேன். முதல் கணினியின் திரையில் கறுப்பு நூல் ஒன்று குறுக்கே ஒட்டியிருந்தது. துடைத்தேன், போகவில்லை. இரண்டாவதிலும் அதே நூல். மூன்றாவதிலும். இருபத்தொரு திரையிலும் அதே இடத்தில் அதே நூல்.

மொத்தமாக ஒரே கம்பெனியில் வாங்கினால் இப்படித்தான். அலுவலக உதவியாளர் முப்பிடாதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருபது வருடமாக என்னோடு இருப்பவர். என்னைவிட நான்கு வயது இளையவர்.

"நூலா? எங்க அண்ணாச்சி?"

"உமக்குக் கண்ணாடி மாத்தணும்வே" என்றேன்.

கை வலிக்கிறது. திரை துடைப்பதற்கே இவ்வளவு களைப்பு என்றால் மற்றதை நினைக்கவே அலுப்பாக இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

பால்பாயின்ட் பேனாவில் எழுதுவது என் தகுதிக்குக் குறைவு என்று முடிவு செய்து பட்டையாக எழுதும் கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கியிருக்கிறேன். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுகிறேன். கல்வெட்டுகளெல்லாம் பெரிய எழுத்தில்தானே இருக்கின்றன.

ஜூன் 9, திங்கள்

முதல் நாள் போர். என் அண்ணன் மகள் உலகம்மை கோயம்புத்தூரில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், ஓயாத வேலை. அதற்கு நடுவிலும் சித்தப்பனுக்குப் போனில் வழிகாட்ட ஒப்புக்கொண்டாள். வீடியோவில் வரச் சொன்னாள். என்னிடம் இருப்பது பட்டன் போன் என்றேன். ஸ்மார்ட்போனை என் மனைவி சொர்ணத்திடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். மகளின் பிரசவத்துக்காக அவள் ஓசூரில் இருக்கிறாள், ஜூலையில்தான் வருவாள். தடவினால் வேலை செய்யும் போன் எனக்கு எதற்கு. பட்டன் என்றால் விரலுக்குத் தெரியும்.

பென்டிரைவைச் செருகினேன். எஃப் பன்னிரண்டை அழுத்திக் கணினியைத் திறந்தேன்.

"சித்தப்பா, இப்ப திரையில என்ன இருக்கு? படிங்க."

திரையில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பது குமாஸ்தா வேலை. நான் சாரத்தைச் சொன்னேன்.

"வரவேற்கிறோம்னு போட்டிருக்கும்மா. ரொம்ப மரியாதையா."

"அதுக்குக் கீழ?"

"பச்சையா ஒரு பட்டன்."

"பச்சையா? அங்க பச்சை கிடையாதே."

"உங்க கோயம்புத்தூர்ல இருக்காது. இது தென்மாவட்டத்துக்குன்னு தனியா விட்டிருப்பான்."

"இடது பக்கம் மொழிப் பட்டியல் இருக்கும் பாருங்க. இங்கிலீஷ்ல நிக்குதா?"

அதற்குமுன் மரியாதைக்காக அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டியிருந்தேன். "கம்பீரமா நிக்குது" என்றேன்.

"அப்ப என்டர் தட்டுங்க."

தட்டினேன். அதன்பின் அது ஐந்தாறு கேள்வி கேட்டது. நான் பதினெட்டு பதில் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓடி, வெற்றி முழக்கம்போல ஒரு மணிச்சத்தம் எழுப்பிவிட்டு நின்றது. முதல் கோட்டை வீழ்ந்தது. நெற்றியின் இரண்டு பக்கமும் வலி. வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமலே படுத்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கோட்டை வீழ்ந்தது உண்மை. எந்த நாட்டிடம் என்பதில்தான் சிறு குழப்பம்.

காலையில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் முதல் கணினியில் உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார். இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். யாருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கடைசியில் ஜெபக்கனி மேடம் வந்து தம் போனைத் திரைமுன் பிடித்தார். அது யோசித்துவிட்டுச் சொன்னது: எஸ்தோனிய மொழி.

"எஸ்தோனியாவா? அது எங்க இருக்கு மேடம்?" என்று கேட்டார் முப்பிடாதி.

"ரஷ்யா பக்கத்துல."

"அண்ணாச்சி, ஒரு தட்டுல அம்புட்டுத் தூரம் போயிட்டேளே."

பட்டியலில் இங்கிலீஷுக்கு நேர் மேலே அந்த மொழி குடியிருக்கிறதாம். அதற்கு நான் பொறுப்பல்ல.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். எல்லோரும் அந்தத் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த அரை மணி நேரம் எனக்கு அந்த அறையில் சௌகரியமாக இருந்தது.

மாலையில் உலகம்மையிடம் சொன்னேன். ஐந்து நிமிடம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"சித்தப்பா, நேத்து பச்சைப் பட்டன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"உங்களுக்கு இப்ப சுகர் எவ்வளவு இருக்கு?"

"எனக்கும் சர்க்கரைக்கும் பதினெட்டு வருஷ சிநேகம். இப்பப் போயி சண்டை மூட்டாத."

"அப்பாவும் இப்படித்தான் பேசுவாங்க" என்றாள். நாளை மறுநாள் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் அப்பா, என் அண்ணன், கடைசி நான்கு வருடம் கையைப் பிடித்தால்தான் நடப்பார். அது வேறு கதை. அவருக்கு வாய்க்கட்டுப்பாடு கிடையாது.

ஜூன் 12, வியாழன்

உலகம்மை என் மேதைமையைப் புரிந்துகொண்டுவிட்டாள்.

"சித்தப்பா, இனிமே நீங்க எதையும் படிச்சுச் சொல்ல வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு என் மேஜை மேல வெச்சிருக்கேன். உங்க பென்டிரைவில இருக்கிற அதே லினக்ஸ். நான் இங்க எண்ணிச் சொல்றேன், நீங்க அங்க தட்டுங்க. மவுஸைத் தொடாதீங்க."

"அப்படின்னா மானிட்டரே வேண்டாமே" என்றேன் கிண்டலாக.

அவள் சிரிக்காமல் "மூணு டேப், ஒரு என்டர்" என்று ஆரம்பித்தாள்.

மூன்று டேப், ஒரு என்டர். எட்டு எண்ணு. ஒரு டேப், ஒரு கீழ் அம்பு, இரண்டு டேப், ஒரு என்டர். அங்கே இருபது எண்ணு. இப்படியே பதினான்கு படி. கடவுச்சொல் வரும் இடத்தில் மட்டும் எழுத்துகளைத் தட்ட வேண்டும். முப்பத்தைந்து வருடம் விசைப்பலகையில் புரண்ட விரலுக்கு அது ஒரு வேலையா. எல்லாவற்றையும் காவடிச் சிந்து மெட்டில் கட்டி மனப்பாடம் செய்துவிட்டேன். எஸ்தோனியாவிலிருந்து முதல் கணினியைத் தாயகம் மீட்டேன். இரண்டாவதும் முடிந்தது.

ஜூன் 13, வெள்ளி

இன்று இரண்டு. களைப்பு.

ஜூன் 17, செவ்வாய்

இதுவரை எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். ஒரே சமயத்தில் மூன்றைக் கிளப்பிவிட்டால் எந்தக் கணினி எந்தப் படியில் நிற்கிறது என்று குழம்புகிறது. அதனால் ஒன்றன் பின் ஒன்றாகத்தான். உட்கார்ந்து எண்ணுவதைத் தவிர வேலையில்லை. ஆனாலும் மாலையில் கழுத்தைத் தூக்க முடியவில்லை.

பல்கலைக்கழக நிர்வாகம் துறை வாசற்படியை யாரிடமும் சொல்லாமல் ஓர் அங்குலம் உயர்த்தியிருக்கிறது. இன்று அதில் தடுக்கி விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு. மின்வாரியமும் தன் பங்குக்குக் கூடத்தில் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. தெற்கு ஜன்னலோரம் மட்டும்தான் பரவாயில்லை.

சொர்ணம் போன் செய்தாள். பேத்தி என் மூக்கோடு பிறந்திருக்கிறாளாம். படம் அனுப்பட்டுமா என்றாள். மேடம் போனுக்கு அனுப்பச் சொன்னேன். மேடம் ஓடி வந்து காட்டினார். "பார்த்தாலே தெரியுது, உலகத்தை ஆளப் பிறந்த முகம்" என்றேன். இளஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. துணியாக இருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

பதினான்கு. தூங்கினாலும் விரல் எண்ணுகிறது.

ஜூன் 25, புதன்

பதினாலாம் எண் கணினி மற்றவற்றின் சாதி இல்லை. வேறு துறையிலிருந்து தள்ளிவிடப்பட்ட கிழம். அதனால் அதைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தேன். மற்ற இருபதும் முடிந்துவிட்டன. இன்று காலை பத்தரைக்கு அதன் முன் உட்கார்ந்தேன். எஃப் பன்னிரண்டு. பாட்டைப் பாடினேன். பதினான்கு படியும் தட்டி முடித்தேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி. நான்கு முறை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஏதோ கொஞ்சம் கிடந்தது. உலகம்மையைக் கூப்பிட்டேன். ஏதோ கூட்டத்தில் இருந்தாள் போலும், எடுக்கவில்லை.

மேடமைக் கூப்பிட்டிருக்கலாம். மாணவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், "இதைக்கூடப் படிக்க முடியலையா சார்" என்பார்கள். ஐந்து நாளில் குழு வருகிறது. மூன்றரை மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாப்பிடப் போகவில்லை.

முப்பிடாதி விளக்குமாற்றோடு வந்தார்.

"வே, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரும்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே அண்ணாச்சி."

"எழுத்து தெரியுமா?"

"தெரியும். பஸ்ஸு போர்டெல்லாம் வாசிப்பேன்."

"ஒவ்வொரு எழுத்தாச் சொல்லும்."

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு என் தோளில் கைவைத்துக் குனிந்தார். "டி. ஏ. டி. இ. அப்புறம் எடம் விட்டிருக்கு. என். ஓ. டி. எடம். எஸ். இ. டி. புள்ளி. பி, ஆர், இ... ரெண்டு எஸ்ஸு. எடம். எஃப். பக்கத்துல ஒண்ணு."

தேதி பதிவாகவில்லை, எஃப் ஒன்றை அழுத்து. அவ்வளவுதான். கிழத்துக்கு உள்ளே பேட்டரி செத்துத் தேதி மறந்துபோயிருக்கிறது. யாராவது ஒரு விசையைத் தட்டினால் போதும் என்று ஐந்து மணி நேரமாகக் காத்திருந்திருக்கிறது. அதைக் கும்பிட்டுக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்கும்.

தட்டினேன். கணினி உயிர்த்தது. பாட்டைத் தொடங்கினேன். முப்பிடாதி நகரவில்லை.

"அண்ணாச்சி, அந்த எழுத்து எம்புட்டுப் பெருசு தெரியுமா?"

"ஏன், சின்னதா?"

"வாசல்ல நின்னே வாசிக்கலாம்."

"எண்ணிக்கிட்டு இருக்கேன்வே. பேசாதீரும்."

"மதினிக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

அவர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு மணியடித்த பின்னும் உட்கார்ந்திருந்தார். கணினி முடித்துவிட்டுத் தானாக நின்றபோது, "இப்ப வேற மாதிரி வந்திருக்கு. படிக்கட்டா?" என்றார்.

"படியும்."

அவர் படிக்கப் படிக்க, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டச் சொல்கிறது. அது எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் கடைசி எழுத்துவரை படிக்க விட்டேன்.

ஜூன் 30, திங்கள்

முப்பது பேர் கொண்ட குழு வந்தது. சரி, மூன்று பேர்.

இருபத்தொன்றையும் திறந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றின் முன்னும் நான் நின்று விளக்கினேன். எந்த இருக்கையில் எது என்பது நடந்தாலே தெரியும். இந்த அறையில் எந்த மேஜை முனை எங்கே இடிக்கும் என்பது என் தொடைக்குத் தெரியும். குழுத் தலைவர் கை கொடுத்தார். "மத்த துறையில ஏஜென்சி ஆளை வெச்சும் பாதிகூட முடியல. இங்க ஒரே ஆளு" என்றார்.

கூடம் தப்பித்தது. நானும். மகிழ்ச்சியைக் கொண்டாடத் தெம்பில்லை. மதியம் இரண்டு இட்லி தின்றுவிட்டு மேஜையில் தலை வைத்துக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

மேடம் கூப்பிட்டார். குரலில் சிரிப்பு.

"சார், உங்களுக்குத்தான் நல்ல செய்தி. தேர்வுப் பிரிவுல அறுபது கம்ப்யூட்டர் இருக்கு. நீங்க வேணும்னு பதிவாளரே கேட்டிருக்கார். லினக்ஸ் போட்டு முடிச்சதும் அங்கயே இருந்துக்கலாம். ரிடையர் ஆகுற வரைக்கும். பதிவெண் சரிபார்க்கிற வேலைக்கும் ஆள் பத்தலையாம்."

மாற்றல் ஆணைக் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

தோற்றால் எங்கே அனுப்புவார்களோ, ஜெயித்ததற்கும் அங்கேயே அனுப்புகிறார்கள். அறுபதையும் எண்ணித் தட்டிவிடலாம். எறும்பு முட்டைகளை எண்ணித் தட்ட முடியாது. ஒரு மாணவனின் எண் இன்னொருவனுக்குப் போய்விடும்.

"மேடம், எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இந்த இருபத்தொண்ணுல ஒண்ணைக்கூட நான் பார்த்துப் போடல. எண்ணிப் போட்டேன்."

மேடம் கலகலவென்று சிரித்தார்.

"சார், போன வருஷம் கேபிளைக் கடிச்ச எலி கன்னுக்குட்டி சைஸ்னு சொன்னீங்க."

"அது வேற மேடம்."

"ஒரு காலே செத்துப்போச்சுன்னு லீவ் எடுத்தீங்க. எங்க வீட்டுக்காரர் உங்களைக் குற்றாலத்துல அருவிக்குக் கீழ பார்த்தார். ரெண்டு காலோட."

"மேடம், இது நிஜம்."

"எலிக்கும் இதேதான் சொன்னீங்க. தேர்வுப் பிரிவுல டீ நல்லா இருக்காதுன்னுதானே? நான் ஃபிளாஸ்க்ல கொடுத்து விடறேன். கையெழுத்துப் போடுங்க சார். கீழ, என் பேருக்கு இடது பக்கம்."

முப்பத்தைந்து வருடமாக இந்த வளாகத்துக்கு நான் கொடுத்த கதைகள் மலையளவு. கேட்டவர்கள் சிரித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். இன்று ஒரு சின்ன உண்மையைக் கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

பேனாவை எடுத்தேன். மேஜையில் வெள்ளையாக இருந்த இடத்தில் குனிந்து, கீழே, இடது பக்கம், என் பெயரை எழுதினேன். பேனா வழுக்கிக்கொண்டு போனது.

மேடத்தின் சிரிப்பு நின்றது.

"சார், அது மேஜைக் கண்ணாடி" என்றார். "பேப்பர் இந்தப் பக்கம் இருக்கு."

மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு காகிதத்தை இழுக்கும் சத்தம். நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"எப்பலேருந்து?"

"இடது கண்ணு ஐப்பசியில. வலது கண்ணு தையில."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"இல்ல."

"ஏன் சார்?"

"போனா சொல்லிருவாங்க."

அவர் கைக்குட்டையால் கண்ணாடியில் இருந்த என் கையெழுத்தைத் துடைத்தார் போலும். தேய்க்கும் சத்தம் வந்தது.

"வேலையில இருக்கும்போது பார்வை போனவங்களை வெளிய அனுப்ப முடியாது சார். சட்டம் இருக்கு. செய்ய முடிஞ்ச வேலையைத்தான் கொடுக்கணும். இந்தக் கூடத்துலயே உங்களை வெச்சுக்க நான் எழுதறேன். ஆனா வாய்ப்பேச்சா எழுத முடியாது. டாக்டர் பேப்பர் வேணும். உள்ளது உள்ளபடி." ஆணையை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "இந்த வாரத்துக்குள்ள."

வெளியே முப்பிடாதி நின்றிருந்தார். படி வந்ததும் முழங்கையைப் பிடித்தார். தட்டிவிடவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கண் மருத்துவமனை. சொட்டு மருந்து விடுவதற்குள் எழுதிவிட வேண்டும். விட்டால் நாலு மணி நேரத்துக்கு எதுவும் தெரியாதாம். இப்போது மட்டும் என்ன.

போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். உலகம்மை காலை ரயிலில் இறங்கி நேராக வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காபி போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை இல்லாமல். சொர்ணத்துக்கு நேற்றே சொல்லிவிட்டாளாம். சொர்ணம் போனில் அரை மணி நேரம் அழுதிருக்கிறாள். அவள் ஓசூருக்குக் கிளம்பிய சமயம் நான் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேனாம். அதைக் கவனித்தும் ஏன் என்று கேட்காமல் போனோமே என்பது அவள் வருத்தம்.

பார்வை பார்க்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். சுவரில் எழுத்து அட்டை தொங்குகிறது போலிருக்கிறது. அவர் மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக உரக்கப் படித்தார். ஐந்து வரிசை, மொத்தம் பத்தொன்பது எழுத்து. பதினான்கு படியை மனப்பாடம் செய்தவனுக்கு இது எம்மாத்திரம். அவர் எழுந்திருப்பதற்குள் பத்தொன்பதும் என் நாக்கில் வரிசையாக வந்து நின்றுவிட்டன. தலைகீழாகக்கூடச் சொல்லியிருப்பேன்.

என்னை உட்காரவைத்து ஒரு கண்ணை மூடினார்கள்.

"எது வரைக்கும் தெரியுது, வாசிங்க ஐயா" என்றாள் பார்வை சோதிக்கும் பெண்.

வாயைத் திறந்தேன். எல்லாம் தயாராக இருந்தது. நான் படித்திருந்தால் அவள் ஆச்சரியப்பட்டிருப்பாள். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு பார்வையா என்று டாக்டரையே கூப்பிட்டுக் காட்டியிருப்பாள்.

"மேல பெருசா ஒரே ஒரு எழுத்து இருக்கும்மா" என்றேன். "அது என்னன்னு தெரியல."

"அதுக்குக் கீழ?"

"கீழ இருக்குங்கறதே தெரியல."

அவள் எழுதிக்கொண்டாள். அதிக நேரம் எழுதவில்லை.